நாவல் கலந்துரையாடல் குழு: யாருக்கு என்ன பொறுப்பு?

வகுப்பில் ஒரு நாவலைக் கையில் கொடுத்து, "சரி, இப்போது பேசுங்கள்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது ஒருமுறை முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எப்போதும் பேசுகிற இரண்டு பேர் பேசுவார்கள். மற்றவர்கள் அவர்கள் முகத்தையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேசாதவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மூன்று வாரம் வாயே திறக்காத ஒரு மாணவியின் புத்தகத்தை ஒருநாள் வாங்கிப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. ஓரிடத்தில் ஓரமாக "பொய்" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாள். அவளிடம் கருத்து இருந்தது. அதை எப்போது, என்ன சொல்லித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

பொறுப்புகளைப் பிரித்துக் கொடுப்பது அவளைப் போன்றவர்களுக்காகத்தான். "இன்று நீதான் வரி எடுப்பவள், நாவலிலிருந்து இரண்டு மூன்று வரிகளை எடுத்து வா" என்று சொல்லிவிட்டால், பேசுவதற்கு அவளுக்கு ஓர் உரிமை வந்துவிடுகிறது. குழுவும் அவளிடமிருந்து ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. முதன்முறையாக இதைச் செய்யப்போகும் ஆசிரியர்களுக்காக, தொடக்கம் முதல், ஒவ்வொருவரும் தன் பொறுப்புக்கான குறிப்புகளை எழுதிவரும் பொறுப்புத் தாள்களை ஓரம் வைக்கும் நாள் வரை, வரிசையாகச் சொல்கிறேன்.

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1984ல் ஆன்மேரி பலின்க்சார், ஆன் பிரவுன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மாணவர்களே முறைவைத்து ஆசிரியர் இடத்தில் உட்கார்ந்து வாசிப்பை நடத்தும் ஒரு முறையை விளக்கி எழுதினார்கள். சுருக்கிச் சொல்வது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது என்ற நான்கு வேலைகள் அதில் இருந்தன. அமெரிக்காவில் சிகாகோ பகுதி ஆசிரியர்களோடு வேலை செய்த ஹார்வி டேனியல்ஸ், 1994ல் மாணவர் வாசிப்புக் குழுக்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆளுக்கொரு பொறுப்பு, பொறுப்புக்கொரு தாள் என்ற ஏற்பாடு பல வகுப்புகளுக்கும் பரவியது அதற்குப் பிறகுதான். 2002ல் வந்த இரண்டாம் பதிப்பில் அவரே ஓர் எச்சரிக்கையும் தந்தார்: இந்தத் தாள்கள் பல வகுப்புகளில் இயந்திரத்தனமான வேலையாகிவிட்டன. ஏன் அப்படி ஆகிறது, எப்படித் தவிர்ப்பது என்பதைப் போகப் போகப் பார்ப்போம்.

தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

குழுவுக்கு ஐந்து பேர் போதும். நான்கு பேரும் சரிதான், ஆனால் ஒருவர் வராவிட்டால் மூன்றாகச் சுருங்கிவிடும். ஆறு பேரைத் தாண்டினால் வட்டத்துக்குள் இரண்டு தனிப்பேச்சுகள் உண்டாகிவிடுகின்றன. நன்றாகப் படிப்பவர்களை ஒரு குழுவாகவும் தடுமாறிப் படிப்பவர்களை இன்னொரு குழுவாகவும் பிரிக்காதீர்கள். எந்த நாவலைப் படிக்க ஆசை என்று கேட்டு, அதை வைத்துப் பிரியுங்கள். மூன்று நான்கு நாவல்களை மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் புரட்டிப் பார்க்கவிட்டு, முதல் விருப்பமும் இரண்டாம் விருப்பமும் ஒரு சீட்டில் எழுதி வாங்கினால் போதும். தானே தேர்ந்தெடுத்த புத்தகத்தைப் படிக்காமல் வருகிறவர்கள் குறைவு.

அடுத்தது பக்கப் பிரிப்பு. 200 பக்க நாவல் என்றால் ஐந்து கூட்டங்கள், கூட்டத்துக்கு 40 பக்கம் என்பது கைக்கு அடக்கமான கணக்கு. ஆனால் கணக்குப்படி 40ஆம் பக்கத்தில் வெட்டாதீர்கள். அத்தியாய முடிவைப் பாருங்கள். அதிலும், ஏதோ ஒன்று தீராமல் தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் நிறுத்த முடிந்தால் அடுத்த கூட்டம் பாதி நடந்த மாதிரி. பக்கங்களை நீங்கள் பிரிக்க வேண்டாம், குழுவே பிரித்துக்கொள்ளட்டும். தாங்கள் வைத்துக்கொண்ட கெடுவைத் தாங்களே மீறுவதற்குப் பிள்ளைகள் கொஞ்சம் தயங்குவார்கள்.

பொறுப்புகள்

தெளிவாகச் சொல்ல, ஒரு கற்பனை அத்தியாயத்தை வைத்துக்கொள்வோம். அப்பா வேலை தேடித் தொலைவில் போயிருக்கிறார். அவர் அனுப்பிய கடிதம் மூத்த மகன் கையில் கிடைக்கிறது. பிரித்துப் படித்துவிட்டு, அதைச் சுவர்க்கடிகாரத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறான். மாலையில் அம்மா, "இன்னைக்கும் கடிதம் வரலையாப்பா?" என்று கேட்கிறாள். "வரவே இல்லைம்மா" என்கிறான். கடிதத்தில் என்ன இருந்தது என்பதை ஆசிரியர் இன்னும் நமக்குச் சொல்லவில்லை. "எல்லாரும் பத்திரமா இருங்க" என்ற கடைசி வரியை மட்டும் காட்டுகிறார்.

இந்த அத்தியாயத்தை ஐந்து பேர் எப்படிப் படித்துக்கொண்டு வர வேண்டும் என்று பார்க்கலாம்.

கேள்வி கேட்பவர். பேச்சு நகர்வது பெரும்பாலும் இவர் கையில் இருப்பதால், இந்தப் பொறுப்புக்குத்தான் அதிக நேரம் கொடுத்துப் பயிற்றுவிக்க வேண்டும். மாணவர்களுக்குக் கேள்வி என்றாலே தேர்வுத்தாள் ஞாபகம்தான் வரும். "மகன் கடிதத்தை எங்கே ஒளித்துவைத்தான்?" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். புத்தகத்தைத் திறந்தவுடன் விடை கிடைத்துவிட்டால் அங்கே பேசுவதற்கு ஒன்றும் இல்லை. "கிழித்துப் போட்டிருக்கலாமே, ஏன் ஒளித்துவைத்தான்?" என்று கேட்டால் ஐந்து பேருக்கும் ஐந்து பதில் இருக்கும், எல்லாப் பதிலுக்கும் புத்தகத்தில் கொஞ்சம் ஆதாரமும் இருக்கும். நான் மாணவர்களுக்குச் சொல்லும் சோதனை இது: உன் கேள்விக்கு உனக்கே விடை உறுதியாகத் தெரியுமா? தெரிந்தால் அதை அடித்துவிட்டு, நிஜமாகவே உனக்குக் குழப்பமாக இருந்த ஒன்றை எழுது. அப்படி மூன்று கேள்விகள் போதும். கூடவே, எல்லாருக்கும் பயன்படும் ஒரு துணைக்கேள்வியை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்: "எந்த இடத்தைப் படிச்சதும் உனக்கு அப்படித் தோணுச்சு?"

இவர் பழக வேண்டிய இன்னொரு விஷயம் காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைகளைக் கவனித்து 1970களில் எழுதியது இன்றும் பொருந்துகிறது: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடி அல்லது அதற்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, தாமாக முன்வந்து பேசியவர்களும் கூடினார்கள். மாணவர்களும் நம்மைப் போலத்தான், மௌனம் வந்தால் பதறிப்போய் அடுத்த கேள்விக்குத் தாவுவார்கள். மேசைக்கு அடியில் மூன்று விரலை மடக்கும் வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

வரி எடுப்பவர். படித்த பகுதியிலிருந்து சத்தமாகப் படிக்கத்தக்க இரண்டு மூன்று இடங்களை எடுத்து வருபவர். அழகான வர்ணனைதான் வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அழகான வரி வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சிரிப்பு வந்த வரி, கோபம் வந்த வரி, திரும்பப் படிக்க வைத்த வரி, ஏதோ சரியில்லையே என்று தோன்ற வைத்த வரி, இவையெல்லாம்தான் பேச்சை இழுத்துவரும். நம் அத்தியாயத்தில் ஒரு மாணவர் "வரவே இல்லைம்மா" என்ற வரியை எடுத்தால் அவருக்கு என் முழு மதிப்பெண். அம்மா சாதாரணமாகத்தான் கேட்டாள். "வரலைம்மா" என்று சொல்லியிருந்தால் போதும். அந்த "வே" எதற்கு? பொய் சொல்பவன் தேவைக்கு மேல் அழுத்திச் சொல்கிறானா? ஒரே ஓர் ஏகாரத்தைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பேசலாம். எடுத்த வரியைப் பொறுப்பாளர் சத்தமாகப் படிக்க வேண்டும், மற்றவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஏன் எடுத்தேன் என்பதை அவர் கடைசியில்தான் சொல்ல வேண்டும். முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

சொல் தேடுபவர். இந்தப் பொறுப்பைத்தான் பெரும்பாலான வகுப்புகள் கெடுத்துவிடுகின்றன. கடினமான ஐந்து சொற்களுக்கு அகராதியைப் பார்த்துப் பொருள் எழுதிக்கொண்டு வருவார், வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். யாருக்கும் அதில் பேச ஒன்றும் இருக்காது. எல்லாருக்கும் தெரிந்த சொல்லாகவே இருக்கட்டும், இந்த இடத்தில் அது என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். "பத்திரமா இருங்க" என்கிறார் அப்பா. மகனும் அந்தக் கடிதத்தைப் பத்திரமாகத்தான் ஒளித்துவைக்கிறான். பத்திரம் என்றால் ஆவணம் என்றும் ஒரு பொருள் உண்டு. ஒருவேளை அந்தக் கடிதத்தோடு வீட்டுப் பத்திரம் ஏதாவது வந்திருக்குமோ என்று ஒரு பிள்ளை கேட்டால், அது தப்பான ஊகமாகவே இருந்தாலும், அந்தப் பிள்ளை நாவலை உண்மையாகவே படித்துக்கொண்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் சொல், இடத்துக்கு ஒட்டாத சொல், ஒரு பாத்திரம் மட்டுமே பயன்படுத்தும் சொல், இவற்றில் இரண்டு போதும். புரியாத சொல் இருந்தால் அதற்கும் பொருள் பார்த்துக்கொண்டு வரட்டும். அது துணை வேலைதான்.

சுருக்கம் சொல்பவர். இரண்டு நிமிடம், ஏழெட்டு வாக்கியம். "அப்புறம் அவன் வந்தான், அப்புறம் அம்மா கேட்டாங்க, அப்புறம்..." என்று போனால் அரை மணி நேரம் போதாது. இந்தப் பகுதியைப் படித்த பிறகு கதையில் எது மாறிவிட்டது என்பதை மட்டும் சொல்லப் பழக்குங்கள். "இதுவரைக்கும் அம்மாவுக்குத் தெரியாத எதுவும் மகனுக்குத் தெரியாது. இப்போ அவனுக்கு மட்டும் ஒண்ணு தெரியும்" என்று சொன்னால் அந்த அத்தியாயமே வந்துவிட்டது.

தொடர்பு சொல்பவர். நாவலில் நடப்பதைத் தன் அனுபவத்தோடோ, வேறு கதையோடோ, உலகில் நடப்பதோடோ சேர்த்துப் பார்ப்பவர். இதில் பிள்ளைகளுக்கு உற்சாகம் அதிகம், ஆபத்தும் அதிகம். "எங்க அண்ணனும் இப்படித்தான்" என்று ஒருவர் தொடங்கினால் அடுத்த நான்கு பேரும் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள், நாவல் மூடியபடியே கிடக்கும். அதனால் ஒரு விதி: நாவலை விட்டு வெளியே போனவர், நாவலுக்குத் திரும்பி வந்துதான் முடிக்க வேண்டும். "எங்க அண்ணன் ஒரு தடவை மதிப்பெண் அட்டையை ஒளிச்சு வெச்சான். அது பயத்துல. ஆனா இவன் பயந்து ஒளிச்ச மாதிரி தெரியலை, அம்மாவைக் காப்பாத்தப் பார்க்கறான்னு நினைக்கறேன்." இப்படித் திரும்பி வரும்போது அனுபவமும் வீணாகவில்லை, கதையும் கொஞ்சம் தெளிவாகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொந்த வாழ்க்கையைச் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தாதீர்கள். சில வீடுகளில் கடிதம் ஒளிக்கப்பட்ட கதை உண்மையாகவே இருக்கும். வேறொரு கதையோடு தொடர்பு சொன்னாலும் போதும் என்பதை முதல் நாளே தெரியப்படுத்திவிடுங்கள்.

இந்த ஐந்தும் அடிப்படை. ஆறாவதாக ஒன்றைச் சேர்ப்பதென்றால் நான் படம் வரைபவரைச் சேர்ப்பேன். வாக்கியமாகச் சொல்லத் தடுமாறும் பிள்ளை, கடிகாரத்தை அம்மாவைவிடப் பெரிதாக வரைந்து வைத்துவிடும். அதில் இல்லாத விமர்சனமா? படத்தை நடுவில் வைத்துவிட்டு, வரைந்தவர் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். இது எந்த இடம், ஏன் இப்படி வரைந்திருக்கிறது என்று மற்றவர்கள் ஊகித்துச் சொன்ன பிறகு அவர் பேசலாம். வீட்டின் வரைபடம், யார் எங்கே நின்றார்கள் என்ற கோட்டுப்படம், எதுவானாலும் சரி. கை ஓடாதவர்களுக்கு இது தண்டனையாகிவிடக் கூடாது.

நாவல் ஊர் ஊராகப் போனால் இடம் குறிப்பவர், பழைய காலத்தில் நடந்தால் பின்னணி தேடுபவர், பாத்திரங்கள் நிறைய இருந்தால் ஒரு பாத்திரத்தையே பின்தொடர்பவர் என்று தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். நேரம் பார்ப்பவர், குழுத் தலைவர் என்று சில வகுப்புகளில் பொறுப்பு கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பக்கம்கூடப் படிக்காமல் நேரம் பார்த்துவிட முடியும். படித்தால்தான் செய்ய முடியும் என்ற வேலையை மட்டும் பொறுப்பாகக் கொடுங்கள். கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும்.

நாவலுக்கு முன் ஒரு வாரம் பயிற்சி

ஐந்து பொறுப்பையும் ஒரே நாளில் விளக்கி, தாளைக் கொடுத்து அனுப்புவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒரு வாரம் ஒதுக்குங்கள். சின்னச் சிறுகதை ஒன்றை வகுப்பு முழுவதும் படிக்கட்டும். முதல் நாள் எல்லாருமே கேள்வி கேட்பவர்கள். ஆளுக்கு இரண்டு கேள்வி எழுதி, அவற்றைக் கரும்பலகையில் போட்டு, எதைப் பற்றிப் பேச முடியும், எது உடனே தீர்ந்துபோகும் என்று சேர்ந்து பிரித்துப் பாருங்கள். அடுத்த நாள் எல்லாருமே வரி எடுப்பவர்கள். இப்படி நாளுக்கு ஒன்றாகப் போனால், நாவல் தொடங்கும்போது எந்தப் பொறுப்பு வந்தாலும் அது ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்த வேலையாக இருக்கும்.

பொறுப்புத் தாளை எளிமையாக வையுங்கள். மேலே பெயர், பக்கம் எதிலிருந்து எதுவரை, இன்றைய பொறுப்பு. நடுவில் இரண்டு பத்தி: இடப்பக்கம் ஒடுக்கமாகப் பக்க எண், வலப்பக்கம் அகலமாகக் குறிப்பு. பக்க எண் எழுதாத குறிப்பைக் குறிப்பாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள், இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தாளின் அடியில் "இன்றைய பேச்சில் என் எண்ணம் மாறிய இடம்" என்று போட்டு மூன்று வரி காலியாக விடுங்கள். அதைக் கூட்டம் முடிந்த பிறகுதான் நிரப்ப வேண்டும். முழு வாக்கியம் எழுதச் சொல்ல வேண்டாம். எழுதியதை அப்படியே வாசித்துவிட முடியாதபடி குறிப்பு அரைகுறையாக இருந்தால், பேசும்போது தலை நிமிர்ந்து பேசியாக வேண்டும்.

முதல் கூட்டம், நிமிடக் கணக்கில்

40 நிமிட வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலிகளை நெருக்கிப் போட்டு, புத்தகங்களைத் திறந்து வைப்பதற்குள் முதல் மூன்று நிமிடம் போய்விடும். அடுத்த இரண்டு நிமிடம் சுருக்கம். பிறகு 25 நிமிடம் பேச்சு. அடுத்த கூட்டத்துக்கான பக்கங்களை முடிவு செய்து பொறுப்பு மாற்ற ஐந்து நிமிடம். மீதி ஐந்து நிமிடம் தாளின் அடிப்பகுதியை நிரப்ப.

அந்த 25 நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் கூட்டத்தில் பெரும்பாலும் நடப்பது இது: சுருக்கம் சொல்பவர் வாசிப்பார், கேள்வி கேட்பவர் மூன்று கேள்வியையும் ஒரே மூச்சில் வாசிப்பார், வரி, சொல், தொடர்பு, எல்லாரும் வரிசையாக வாசித்து முடித்துவிட்டு எட்டாவது நிமிடத்தில், "டீச்சர், முடிச்சிட்டோம்" என்று கை தூக்குவார்கள். டேனியல்ஸ் சொன்ன இயந்திரத்தனம் இதுதான். ஐந்து பேரும் பேசியிருப்பார்கள், ஒருவரோடொருவர் பேசியிருக்க மாட்டார்கள்.

இதற்கு நான் கண்ட வழி, வரிசையை எடுத்துவிடுவது. சுருக்கத்துக்குப் பிறகு கேள்வி கேட்பவர் ஒரே ஒரு கேள்வியைப் போடட்டும். மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டாம். பேச்சு தங்கள் குறிப்பின் பக்கம் வரும்போது உள்ளே நுழைய வேண்டும். அது இப்படி இருக்கும்:

"கிழிச்சுப் போடாம ஏன் ஒளிச்சு வெச்சான்?"

"எப்பவாவது அம்மாகிட்ட காட்டணும்னு நினைச்சிருப்பான்."

"எனக்கு அப்படித் தோணலை. நான் எடுத்த வரி இங்கதான் வருது, 38ஆம் பக்கம். 'வரவே இல்லைம்மா'ங்கறான். காட்டணும்னு நினைக்கறவன் இவ்வளவு அழுத்திச் சொல்லுவானா?"

"அது பயத்துல வர்ற அழுத்தம். ஆனா கடிகாரத்துக்குப் பின்னாடி வெச்சிருக்கானே, வீட்டுல எல்லாரும் தினமும் பார்க்கற இடம் அது."

"இரு, இரு. அப்ப யாராவது கண்டுபிடிக்கட்டும்னு வெச்சானா?"

ஐந்தாவது வாக்கியத்தில் யார் என்ன பொறுப்பில் இருக்கிறார்கள் என்பதே மறந்துபோய்விட்டது, பாருங்கள். அந்த நிலைக்கு வந்துவிட்டால் தாளில் எழுதியதெல்லாம் பேசி முடிக்கப்பட வேண்டும் என்ற அவசியமே இல்லை. பேசாத குறிப்பு மீதி இருந்தால் இருக்கட்டும்.

உள்ளே நுழைவதற்கான சில தொடக்கங்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைப்பது முதல் இரண்டு கூட்டங்களுக்கு உதவும். "நீ சொன்னதோட இதையும் சேர்த்துக்கலாம்", "எனக்கு அப்படித் தோணலை, ஏன்னா", "அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படிக்கலாமா". மறுத்துப் பேசுவதைச் சண்டை என்று நினைத்து ஒதுங்கும் பிள்ளைகளுக்கு இவை துணிச்சல் தருகின்றன.

கூட்டம் முடியும்போது, ஒவ்வொருவரும் தங்கள் பொறுப்பின் பெயர் எழுதிய அட்டையை வலப்பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்கான மாற்றம் முடிந்தது. ஐந்து பேர், ஐந்து பொறுப்பு, ஐந்து கூட்டம்: எல்லாரும் எல்லாவற்றையும் ஒருமுறை செய்திருப்பார்கள். படம் வரைபவரையும் சேர்த்தால், விரும்புகிறவர் தன் பொறுப்புக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் எங்கே உட்கார வேண்டும்

வட்டத்துக்கு வெளியே. உள்ளே உட்கார்ந்தால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்ப்பதை விட்டுவிட்டு உங்களைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு ஐந்து பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். யார் பேசி யார் பதில் சொல்கிறாரோ அவர்களுக்கு இடையே ஒரு கோடு. பத்து நிமிடம் போட்டால் போதும். எல்லாக் கோடும் ஒரே பெயரில் போய் முட்டுகிறதா, ஒரு பெயரில் கோடே இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்தப் படத்தை நீங்கள் விளக்காமல் குழுவிடமே காட்டுங்கள். அடுத்த முறை யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

"டீச்சர், கடிதத்துல என்னதான் இருந்துச்சு?" என்று உங்களைக் கேட்பார்கள். உங்களுக்கு விடை தெரியும். சொல்லாதீர்கள். சொல்லாமல் இருப்பது இந்த முழு ஏற்பாட்டிலும் ஆசிரியருக்குக் கடினமான வேலை. கதை நடந்ததைத் தப்பாகவே புரிந்துகொண்டு குழு முழுவதும் ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தால் மட்டும், "52ஆம் பக்கத்தை ஒருமுறை படித்துப் பார்த்தீர்களா?" என்று சொல்லிவிட்டு அடுத்த குழுவுக்கு நகர்ந்துவிடுங்கள்.

வரக்கூடிய சிக்கல்கள்

படிக்காமல் வருபவர். திட்டி வெளியே அனுப்ப வேண்டாம். வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து அந்தப் பகுதியைப் படிக்கட்டும், குழுவின் பேச்சு காதில் விழும் தூரத்திலேயே இருக்கட்டும். பேச்சு சுவாரசியமாக இருந்தால் அந்தத் தூரமே அவருக்குப் போதுமான உறுத்தல். அவருடைய பொறுப்பை அன்று மற்றவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். தொடர்ந்து இரண்டு முறை நடந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பெரும்பாலும் காரணம் சோம்பலாக இருக்காது. வேகமாகப் படிக்க முடியாது, அதைச் சொல்ல வெட்கம். அப்படியிருந்தால் ஒரு துணையோடு மாறி மாறி வாய்விட்டுப் படிக்க ஏற்பாடு செய்யலாம், யாராவது படித்துப் பதிவு செய்ததைக் கேட்டுக்கொண்டே பக்கத்தைப் பின்தொடரவும் செய்யலாம். காதால் கேட்டுப் படித்தவரும் படித்தவர்தான்.

முன்னால் ஓடிப் படித்துவிட்டவர். ஆர்வத்தில் செய்ததைக் குற்றமாக்காதீர்கள். இன்றைய பக்கங்களைத் தாண்டி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. அவரிடம் வரி எடுக்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். பின்னால் வரப்போவது தெரிந்த கண், முன்னால் போட்டுவைத்த சின்னக் குறிப்புகளைப் பிடித்துவிடும்.

ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் ஆளுக்கு ஐந்து காகிதத் துண்டு கொடுங்கள். ஒருமுறை பேசினால் ஒன்றை நடுவில் போட வேண்டும், தீர்ந்தால் கேட்க மட்டும் செய்யலாம். இதை ஒரு கூட்டத்துக்கு மேல் நீட்டாதீர்கள். அதற்குப் பிறகு துண்டை எண்ணிக்கொண்டு பேசத் தொடங்கிவிடுவார்கள்.

மதிப்பெண் போட வேண்டிய கட்டாயம் இருந்தால் இரண்டைப் பாருங்கள். தாளில் பக்க எண்ணோடு குறிப்பு இருக்கிறதா, பேச்சில் இன்னொருவர் சொன்னதை எடுத்துக்கொண்டு பேசினாரா. கருத்து சரியா தவறா என்பதற்கு மதிப்பெண் போடத் தொடங்கினால், அடுத்த கூட்டத்திலிருந்து எல்லாரும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதை ஊகிப்பதில் இறங்கிவிடுவார்கள்.

தாளை எப்போது விடுவது

பொறுப்புத் தாள் நடைவண்டி மாதிரி. நடை பழகிய பிள்ளையை அதையே பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்ல முடியாது. முதல் நாவல் முழுவதும் தாள் இருக்கட்டும். இரண்டாவது நாவலில் பாதி வரை வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, படிக்கும்போதே புத்தகத்தில் ஒட்ட சின்னச் சின்னச் சீட்டுகள் கொடுங்கள். கூட்டத்துக்கு நான்கு சீட்டு, எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம். யாராவது ஒரு குழு பேச்சு கிளம்பாமல் திணறினால் அவர்களுக்கு மட்டும் தாளைத் திரும்பக் கொடுக்கலாம்.

தாளை எடுத்த பிறகு, உங்கள் குழுவுக்குப் புதிதாக ஏதாவது பொறுப்பு வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது ஒரு குழு, "பேசாம இருக்கறதைப் பார்க்கறவர்" என்று ஒன்றைச் சொன்னது. கதையில் யார் எங்கே பதில் சொல்லாமல் விட்டார்கள், யார் பேச்சை மாற்றினார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வருவது அவர் வேலை. அந்த யோசனையைச் சொன்னது, புத்தக ஓரத்தில் "பொய்" என்று எழுதி வைத்திருந்த அதே மாணவி. அதன் பிறகு வந்த எல்லா வகுப்புக்கும் என் தாள்களோடு அந்தத் தாளும் போகிறது.